தொட்டியில் ஊற்றிய எண்ணெய் எங்கே போகிறது?

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் ஐந்தே நிமிடங்களில் வீட்டில் உள்ள அனைவருக்கும் தெரிந்துவிடும். அண்டை வீட்டுக் கதவைத் தட்டி, "உங்கள் வீட்டில் தண்ணீர் வருகிறதா?" என்று கேட்பார்கள். ஆனால், பயன்படுத்திய தண்ணீர் எந்த வழியாகப் போகிறது, எங்கே போய்ச் சேர்கிறது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அது போக வேண்டிய இடத்துக்குப் போகாமல், வந்த வழியே திரும்பி வரும் நாளில்தான் அந்தக் கேள்வி பிறக்கிறது.

சிங்கப்பூர் போன்ற அடுக்குமாடி நகரத்தில் இந்தக் கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. தண்ணீருக்கு மாடி எண் தெரியாது. பன்னிரண்டாம் மாடியில் ஒருவர் தொட்டியில் ஊற்றிய எண்ணெய், எந்தத் தவறும் செய்யாத இரண்டாம் மாடிக் குடும்பத்தின் சமையலறைத் தரையில் அழுக்கு நீராகப் பொங்கி எழக்கூடும். கழிவுநீர்க் குழாய் அடைப்பு என்பது ஒரு வீட்டின் சிக்கல் அல்ல. ஒரே குழாயைப் பகிர்ந்துகொள்ளும் எல்லாருடைய சிக்கல்.

வாளிகள் சுமந்த காலம்

இன்று ஐம்பது வயதைத் தாண்டிய சிங்கப்பூரர்கள் பலருக்கு வாளிக் கழிவறை நினைவிருக்கும். வீட்டுக்குப் பின்புறம் ஒரு சிறிய அறை, அதில் ஒரு பலகை, பலகைக்குக் கீழே ஒரு வாளி. தொழிலாளி ஒருவர் வந்து நிரம்பிய வாளியை எடுத்துக்கொண்டு காலி வாளியை வைத்துவிட்டுப் போவார். அந்த வாளிகளை ஏற்றிச் சென்ற லாரியில் 32 சிறு கதவுகள் இருந்தன. அந்த லாரி தெருவுக்குள் நுழைந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடாத பிள்ளைகள் இல்லை.

1910களிலேயே நகரின் மையப் பகுதியில் கழிவுநீர்க் குழாய்கள் பதிக்கும் பணி தொடங்கிவிட்டது. இருந்தாலும், அந்த வசதி தீவு முழுவதையும் எட்டப் பல பத்தாண்டுகள் ஆயின. கடைவீட்டு வரிசைகளிலும் கம்பங்களிலும் வாளியே நீடித்தது. சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் வட்டாரத்து ஆறுகளையும் துப்புரவாக்கும் பத்தாண்டுத் திட்டம் 1977இல் தொடங்கியது. ஆறு சுத்தமாக வேண்டுமானால், அதன் கரையிலிருந்து வரும் கழிவுக்கு முதலில் ஒரு வழி செய்ய வேண்டும் என்பது அப்போது தெளிவாயிற்று. லோரோங் ஹாலுசில் இருந்த கடைசி வாளி நிலையம் 1987 ஜனவரியில் மூடப்பட்டது. வாளிக் காலமும் அத்துடன் முடிந்தது.

நகராட்சிக் காலத்தில் தெருவைக் கூட்டியவர்களிலும் கால்வாயைத் துப்புரவு செய்தவர்களிலும் தென்னிந்தியத் தொழிலாளர்கள் பெருமளவில் இருந்தனர். இந்த ஊரின் சுகாதார வரலாற்றில் தமிழரின் வியர்வை கலந்திருக்கிறது. அந்த வகையிலும் இது தமிழ் வாசகர்களுக்கு அந்நியமான செய்தி அன்று.

இரண்டு வெவ்வேறு பாதைகள்

பலர் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயத்தை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். சாலையோரத்தில் திறந்து கிடக்கும் கால்வாய் வேறு. நிலத்துக்கு அடியில் ஓடும் கழிவுநீர்க் குழாய் வேறு. சிங்கப்பூரில் இவ்விரண்டும் முற்றிலும் தனித்தனிக் கட்டமைப்புகள்.

சாலையோரக் கால்வாய் மழைநீருக்கு மட்டுமே உரியது. அந்த நீர் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் ஆறுகளுக்கும் நீர்த்தேக்கங்களுக்கும் போகிறது. 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்ட பிறகு, நகரின் நடுவே பெய்யும் மழையும் நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அதாவது, சிராங்கூன் சாலையோரக் கால்வாயில் ஓடும் மழைநீரும் குடிநீருக்கான மூலப்பொருள்தான். கழிவறை, குளியலறை, சமையலறை ஆகியவற்றின் நீர் கழிவுநீர்க் குழாய்களின் வழியே சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது.

கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் இந்த இரண்டு பாதைகளுக்கும் இடையே உள்ள வேலி உடைந்துவிடுகிறது. போக வழியில்லாத கழிவுநீர் மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே பொங்கி, பக்கத்தில் உள்ள மழைநீர்க் கால்வாயில் இறங்குகிறது. அங்கிருந்து அது நீர்த்தேக்கத்தை நோக்கி ஓடுகிறது. அடைப்பை உடனே நீக்க அதிகாரிகள் விரைவதற்குத் துர்நாற்றம் மட்டும் காரணம் அன்று. குடிநீர் ஆதாரத்தைக் காப்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

சரிவும் வேகமும்

நிலத்தடிக் கழிவுநீர்க் கட்டமைப்பு பெரும்பாலும் புவியீர்ப்பு விசையை நம்பியே இயங்குகிறது. மின்சாரம் இல்லை, இயந்திரம் இல்லை. குழாயைச் சற்றே சரிவாகப் பதிப்பார்கள். தண்ணீர் தானாகவே கீழ்நோக்கி ஓடும்.

இந்தச் சரிவு மிகக் கவனமாகக் கணக்கிடப்படுகிறது. வேகம் குறைந்தால் மணலும் கசடும் அடியில் படிந்துவிடும். நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் வேகமாவது இருந்தால்தான் குழாய் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் என்பது பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கும் கணக்கு. நாளடைவில் மண் இறங்கிக் குழாயின் ஓரிடம் தொய்ந்துவிட்டால், அந்தப் பள்ளத்தில் நீர் தேங்கும். தேங்கிய இடத்தில் கசடு சேரும். அடைப்புக்குப் பிள்ளையார் சுழி போடப்படுவது அங்கேதான்.

குழாய் திரும்பும் இடங்களிலும், இரண்டு குழாய்கள் சேரும் இடங்களிலும், நீண்ட நேர்க்கோட்டில் குறிப்பிட்ட இடைவெளிகளிலும் மேன்ஹோல்கள் அமைக்கப்படுகின்றன. பரிசோதிக்கவும் கழுவவும் அவையே வாசல்கள். வீட்டுக் கொல்லையில் உள்ள பரிசோதனைத் தொட்டியின் மீது சிமெண்டு பூசி மறைத்துவிடுவோர் உண்டு. அடைப்பு ஏற்படும் நாளில் அந்தத் தரையை உடைத்துத்தான் தொட்டியைத் தேட வேண்டியிருக்கும்.

சிங்கப்பூரின் பொதுக் கழிவுநீர்க் குழாய்களின் நீளம் சுமார் 3,500 கிலோமீட்டர். இந்தத் தீவின் கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனை வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். அப்படியானால், காலடியில் எவ்வளவு பெரிய வலை விரிந்து கிடக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம். இந்த வலையின் முதுகெலும்பாக ஆழ்சுரங்கக் கழிவுநீர்க் கட்டமைப்பு விளங்குகிறது. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரையிலான 48 கிலோமீட்டர் சுரங்கம் அதன் முதல் கட்டம். சாங்கி நீர் சுத்திகரிப்பு நிலையம் 2009இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. தீவின் மேற்குப் பகுதிக் கழிவுநீரைத் துவாசுக்குக் கொண்டுசெல்லும் இரண்டாம் கட்டத்தின் சுரங்கப் பணி 2023இல் நிறைவடைந்தது. இந்தச் சுரங்கங்களும் சரிவை நம்பியே இயங்குகின்றன. கிம் சுவான், பிடோக், சிலேத்தார் ஆகிய இடங்களில் இருந்த பழைய நிலையங்கள் மூடப்பட்டு, அந்த நிலம் வேறு பயன்பாடுகளுக்குக் கிடைத்தது.

எண்ணெய் எப்படிக் கல்லாகிறது?

குழாய் அடைப்புக்கு முதல் எதிரி எது என்று கேட்டால், துப்புரவுத் தொழிலில் இருப்பவர்கள் தயங்காமல் சொல்லும் பதில், சமையல் எண்ணெய்.

"எண்ணெய் திரவம்தானே, ஓடிவிடாதா?" என்று இல்லத்தரசிகள் கேட்பது இயல்பு. சூடாக இருக்கும்போது ஓடும். குழாய்க்குள் போனதும் ஆறும். நெய்யும் ஆட்டுக்கொழுப்பும் மெழுகுபோல் உறைந்து குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். சோற்றுப் பருக்கை, தேங்காய்த் துருவல், கறிவேப்பிலை, தேயிலைத் தூள் ஆகியவை அந்தப் பிசுபிசுப்பில் வந்து ஒட்டும். நாள் செல்லச் செல்லக் குழாயின் வாய் குறுகிக்கொண்டே வரும்.

இதோடு முடிந்துவிடவில்லை. கொழுப்பு கழிவுநீரில் சிதையும்போது கொழுப்பு அமிலங்கள் பிரிகின்றன. அவை நீரிலும் சிமெண்டுக் குழாயிலும் உள்ள சுண்ணாம்புச் சத்துடன் சேர்ந்து சோப்புப் போன்ற கெட்டிப் பொருளாக மாறுகின்றன. சவர்க்காரம் காய்ச்சுவதற்கு எந்த வேதியியல் பயன்படுகிறதோ, ஏறக்குறைய அதே வேதியியல்தான் இங்கே நிலத்தடியில் நடக்கிறது. அப்படி இறுகிய பொருள் வெந்நீருக்கும் கரையாது. கம்பிகொண்டு குத்தினாலும் எளிதில் உடையாது.

லண்டன் நகரின் வைட்சேப்பல் பகுதியில் 2017இல் கண்டுபிடிக்கப்பட்ட கொழுப்புக் கட்டி இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு. அதன் நீளம் சுமார் 250 மீட்டர், எடை சுமார் 130 டன். பல வாரங்கள் உழைத்து அதை அகற்றினார்கள். அதிலிருந்து எடுத்த ஒரு துண்டு மறு ஆண்டு லண்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

பாத்திரம் கழுவும் திரவத்தையும் வெந்நீரையும் ஊற்றினால் எண்ணெய் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் எண்ணெய் போய்விடுவதில்லை; சற்றுத் தள்ளிப் போகிறது, அவ்வளவுதான். வெந்நீர் ஆறும் இடத்தில் அது மறுபடியும் படிகிறது. சொந்தக் குழாயில் படிய வேண்டியது பொதுக் குழாயில் போய்ப் படிகிறது.

கரையாத துணியும் நுழையும் வேரும்

இரண்டாவது எதிரி, ஈரத்தாள் எனப்படும் துடைப்புத் துணிகள். கழிவறைத் தாளின் இழைகள் குட்டையானவை. தண்ணீரில் சிறிது நேரத்திலேயே அவை பிரிந்துவிடும். குழந்தைகளைத் துடைக்கப் பயன்படும் ஈரத்தாள்கள் பலவற்றில் பிளாஸ்டிக் இழைகள் கலந்திருக்கின்றன. அவை வாரக்கணக்கில் தண்ணீரில் கிடந்தாலும் கரைவதில்லை. குழாயின் மூட்டுகளில் சிக்கி, கயிறுபோல் முறுக்கிக்கொண்டு, எண்ணெய்ப் பிசுக்குக்கு எலும்புக்கூடாக அமைந்துவிடுகின்றன. அணையாடைகள், மாதவிடாய்ப் பஞ்சுகள், பஞ்சுக் குச்சிகள், தலைமுடி ஆகியவற்றின் கதையும் இதுதான். தண்ணீர் விட்டதும் கண்ணுக்கு மறைந்துவிடுவதெல்லாம் கரைந்துவிட்டது என்று பொருள் அன்று.

மூன்றாவது, வீட்டுப் புதுப்பிப்புப் பணிகள். தரையில் ஓடு பதித்த பிறகு, மிஞ்சிய சிமெண்டுக் கலவையைக் குளியலறைக் குழியிலேயே கழுவி விடும் பழக்கம் சில குத்தகையாளர்களிடம் உண்டு. சிமெண்டு தண்ணீருக்குள்ளேயே இறுகும் தன்மை உடையது. குழாய்க்குள் அது இறுகிவிட்டால், குழாயையே வெட்டி மாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

நான்காவது, மரவேர். பழைய குழாய்கள் சுட்ட களிமண்ணாலானவை. அவற்றில் மூட்டுகள் அதிகம். மூட்டில் முடி அளவு இடைவெளி இருந்தாலும் ஈரத்தைத் தேடி வேர் உள்ளே நுழைந்துவிடும். உள்ளே போனதும் அது குஞ்சம்போல் விரிந்து, வருவதையெல்லாம் வடிகட்டிப் பிடிக்கும். குழாயில் விரிசல் விட்டால் வேறொரு தொல்லையும் உண்டு. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உள்ளே புகும். அதோடு சுற்றியுள்ள மண்ணும் சிறிது சிறிதாக உள்ளே இழுக்கப்படும். மேலே சாலை சரியாக இருப்பதுபோல் தோன்றும். அடியில் வெற்றிடம் உருவாகிக்கொண்டிருக்கும்.

ஒரு கையளவு தண்ணீரின் காவல்

தரையில் உள்ள நீர்க்குழிக்கும் கைகழுவும் தொட்டிக்கும் கீழே குழாய் ஏன் வளைந்திருக்கிறது? அந்த வளைவில் எப்போதும் சிறிது தண்ணீர் தங்கியிருக்கும். அதற்கு நீர்ப்பூட்டு என்று பெயர் வைக்கலாம். கழிவுநீர்க் குழாயின் நச்சுக் காற்றும் கரப்பான் பூச்சியும் வீட்டுக்குள் வராமல் அந்தக் கையளவு தண்ணீர்தான் காவல் காக்கிறது.

அந்தக் காவல் தவறினால் என்ன ஆகும் என்பதை 2003ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டியது. அப்போது சார்ஸ் நோய் பரவியது. சிங்கப்பூரில் 33 பேரின் உயிரைப் பறித்த நோய் அது. ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோருக்கு அந்நோய் தொற்றியது. அங்கே பல வீடுகளில் குளியலறைத் தரைக்குழியின் நீர்ப்பூட்டு வறண்டு கிடந்தது. காற்று வெளியேற்றும் விசிறி இயங்கியபோது, குழாயிலிருந்த கிருமி கலந்த நீர்த்திவலைகள் வீடுகளுக்குள் இழுக்கப்பட்டிருக்கக்கூடும் என்று விசாரணையில் தெரியவந்தது.

ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும் குடும்பங்கள் இதை நினைவில் கொள்வது நல்லது. வீட்டைத் திறந்ததும் துர்நாற்றம் வீசினால், முதலில் செய்ய வேண்டியது ஒவ்வொரு தரைக்குழியிலும் அரை வாளி தண்ணீர் ஊற்றுவது. பயன்படுத்தாத கழிவறைக்கும் இது பொருந்தும்.

அடைப்பு வருமுன் காப்பது

வருமுன் காப்பதே அறிவு என்பார்கள். கழிவுநீர்க் குழாய்களைப் பொறுத்தவரை இது முழு உண்மை. அடைத்த பிறகு ஓடுவதைவிட, அடைக்கக்கூடிய இடத்தைக் கண்டறிந்து முன்கூட்டியே கழுவுவது எளிது, செலவும் குறைவு.

இதற்கு முதல் கருவி கேமரா. சக்கரம் பொருத்திய சிறிய கேமராவைக் குழாய்க்குள் செலுத்தி, மேலே வண்டியில் இருக்கும் திரையில் உட்புறத்தைப் பார்க்கிறார்கள். எந்த மீட்டரில் விரிசல், எந்த மூட்டில் வேர், எங்கே எண்ணெய்ப் படிவு என்று பதிவு செய்துகொள்கிறார்கள். இரண்டாவது கருவி, அழுத்த நீர்ப் பீய்ச்சி. குழாயில் நுழையும் அதன் முனையிலிருந்து பின்னோக்கிப் பாயும் நீர், முனையை முன்னே தள்ளிக்கொண்டே சுவரில் உள்ள படிவைச் சுரண்டி எடுக்கிறது. கழன்று வரும் கசடு மேன்ஹோலில் சேர்ந்ததும், உறிஞ்சு லாரி அதை இழுத்துக்கொள்கிறது.

உணவங்காடிகளும் உணவகங்களும் நிறைந்த பகுதிகளில் அடைப்பு அடிக்கடி ஏற்படும். அத்தகைய இடங்களைப் பட்டியலிட்டு, மற்ற இடங்களைவிடக் குறைந்த இடைவெளியில் கழுவ வேண்டும். எல்லாக் குழாய்களையும் ஒரே கால அட்டவணையில் கழுவுவது பணத்தையும் தண்ணீரையும் வீணாக்கும்.

பழைய குழாயைப் புதுப்பிக்கச் சாலையைத் தோண்ட வேண்டும் என்ற கட்டாயமும் இப்போது இல்லை. பிசின் ஊறிய துணிக் குழாய் ஒன்றை மேன்ஹோல் வழியாக உள்ளே செலுத்தி, காற்றோ நீரோ கொண்டு விரித்து, சூடேற்றி இறுகச் செய்கிறார்கள். பழைய குழாய்க்குள் புதிய குழாய் பிறந்துவிடுகிறது. சிங்கப்பூரில் பழைய குழாய்களைச் சீரமைக்கும் திட்டம் 1990களிலிருந்து கட்டம் கட்டமாக நடைபெற்று வருகிறது.

சிமெண்டுக் குழாய்களுக்கு மற்றோர் எதிரியும் உண்டு. தேங்கிய கழிவுநீரில் உள்ள நுண்ணுயிரிகள் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவை உண்டாக்குகின்றன. அது குழாயின் கூரையில் படியும்போது, வேறு வகை நுண்ணுயிரிகள் அதைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் கூரையை அரித்துத் தின்கிறது. ஆகவே, ஓட்டம் தடைப்படாமல் இருந்தால் அடைப்பு மட்டுமல்ல, அரிப்பும் குறையும்.

குழிக்குள் இறங்கும் மனிதர்கள்

குழாயை அரிக்கும் அதே வாயு மனித உயிரையும் குடிக்கும். அழுகிய முட்டையின் நாற்றம் அதன் அடையாளம். ஆனால், செறிவு கூடும்போது மூக்கின் மோப்ப உணர்வே மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்து நீங்கிவிட்டது என்று ஒருவர் எண்ணும் வேளையில்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் அது குழியின் அடியில் தேங்கி நிற்கும். ஒருவர் மயங்கி விழுந்ததும் அவரைக் காப்பாற்ற மற்றொருவர் இறங்குவார். அவரும் விழுவார். ஒரே குழியில் இரண்டு, மூன்று பேர் மாண்டுபோகும் செய்திகளுக்குப் பின்னால் உள்ள காரணம் இதுதான்.

2024 மே மாதம் சுவா சூ காங் நீர் நிலையத்தில் தொட்டி ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்த இந்திய ஊழியர் ஒருவர் இந்த வாயுவைச் சுவாசித்து உயிரிழந்தார். அது கழிவுநீர்க் குழாய் அன்று, குடிநீர் நிலையம். கசடு தேங்கும் எந்த மூடிய இடத்திலும் இந்த வாயு ஒளிந்திருக்கக்கூடும் என்பதை அந்தச் சாவு உணர்த்தியது. இறங்குமுன் வாயுவை அளப்பது, காற்றைச் செலுத்துவது, எழுத்துபூர்வ அனுமதி பெறுவது, மேலே ஒருவரைக் காவலாக நிறுத்துவது ஆகியவை வெறும் சடங்குகள் அல்ல.

இந்தியாவில் மனிதக் கழிவை மனிதரைக்கொண்டு அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் நிறைவேறியது. பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதும் அச்சட்டத்தின்படி குற்றம். அப்படியும் சாவுகள் நிற்காததால், சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. அடைப்பை நீக்க ஆள் இறங்குவதா, இயந்திரம் இறங்குவதா என்பது தொழில்நுட்பக் கேள்வி மட்டும் அன்று.

2025 ஜூலை 26ஆம் தேதி தஞ்சோங் காத்தோங் சாலையில் ஏற்பட்ட பள்ளத்தில் ஒரு கார் விழுந்தது. பக்கத்தில், ஏற்கெனவே உள்ள மூன்று கழிவுநீர்க் குழாய்களை இணைப்பதற்காக 16 மீட்டர் ஆழத்தில் குழி அமைக்கும் பணி நடந்துகொண்டிருந்தது. அந்த வேலையிடத்தில் இருந்த இந்திய ஊழியர்கள் கயிற்றை வீசி, காரை ஓட்டிவந்த பெண்மணியைச் சில நிமிடங்களில் மேலே இழுத்துக் காப்பாற்றினர். நாடே அவர்களைப் பாராட்டியது. அதிபர் அவர்களை இஸ்தானாவுக்கு அழைத்தார். கழிவுநீர்க் குழாய்களுக்காக மண்ணுக்கடியில் உழைப்பவர்களின் முகங்களைப் பொதுமக்கள் பார்த்த அரிய தருணங்களுள் அதுவும் ஒன்று.

யார் பொறுப்பு?

அடைப்பு ஏற்பட்டதும் எழும் முதல் சச்சரவு, யார் செலவு செய்வது என்பது. பொதுவான நிலை இதுதான். வீவக வீட்டுக்குள் இருக்கும் குழாய் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. பல மாடிகளுக்குப் பொதுவான செங்குத்துக் குழாயை நகர மன்றம் கவனிக்கும். தரைவீடுகளில், பொதுக் குழாயில் சேரும் இடம் வரை உள்ள குழாய் உரிமையாளருடையது. பொதுக் குழாய் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பு.

எங்கே அடைப்பு என்பதை ஓரளவு வீட்டிலேயே கணிக்கலாம். ஒரு தொட்டியில் மட்டும் தண்ணீர் மெதுவாக இறங்கினால், கோளாறு அந்தத் தொட்டியின் குழாயில் இருக்கும். எல்லாத் தொட்டிகளிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் தேங்கினால், பொதுக் குழாயில் கோளாறு இருக்கலாம். வீட்டில் யாரும் தண்ணீரைப் பயன்படுத்தாதபோதும் தரைக்குழியில் நீர் மேலேறினால், அது மேல்மாடிகளின் நீர். உடனே நகர மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். துணி துவைக்கும் இயந்திரம் நீரை வெளியேற்றும்போது கழிவறையில் 'களக், களக்' என்று சத்தம் கேட்டால், அடைப்பு உருவாகிக்கொண்டிருக்கிறது என்பதற்கான முன்னறிவிப்பு அது.

கடைகளில் விற்கும் அடைப்பு நீக்கி மருந்துகளில் எச்சரிக்கை தேவை. அமிலமோ காரமோ கலந்த அந்த மருந்துகள் தோலையும் கண்ணையும் பொசுக்கும். அமிலத்தோடு வெளுப்பு மருந்து கலந்துவிட்டால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். முதலில் ரப்பர் உறிஞ்சியைப் பயன்படுத்திப் பார்ப்பதும், முடியாவிட்டால் உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரை அழைப்பதுமே பாதுகாப்பானது. மேன்ஹோல் மூடியைத் தாமே திறக்க யாரும் முற்படக் கூடாது.

சட்டியிலிருந்தே தொடங்கும் பராமரிப்பு

உணவகங்கள் எண்ணெய்ப் பொறி எனப்படும் தொட்டியைப் பொருத்த வேண்டும் என்பது விதி. அதன் வேலை எளிமையானது. தொட்டிக்குள் தண்ணீரின் வேகம் தணியும். இலேசான எண்ணெய் மேலே மிதக்கும். கனமான கசடு அடியில் தங்கும். நடுவில் உள்ள நீர் மட்டும் வெளியேறும். ஆனால், தேங்கிய எண்ணெயை அள்ளாவிட்டால் பொறி நிரம்பி, எண்ணெய் நேராகக் குழாய்க்குள் போய்விடும். பொறி இருக்கிறது என்பது போதாது. அது காலி செய்யப்படுகிறதா என்பதே கேள்வி.

வீடுகளில் எண்ணெய்ப் பொறி கிடையாது. அங்கே மனிதர்தான் பொறியாக இருக்க வேண்டும். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட்ட பிறகு மிஞ்சும் எண்ணெய் ஆறட்டும். பழைய போத்தலிலோ டின்னிலோ அதை ஊற்றி மூடிக் குப்பையில் போடலாம். பயன்படுத்திய எண்ணெயைச் சேகரிக்கும் இடங்கள் அருகில் இருந்தால் அங்கே கொடுக்கலாம். ஆட்டுக்கறிக் குழம்புச் சட்டியையும் பிரியாணிப் பாத்திரத்தையும் கழுவுமுன், பழைய செய்தித்தாளால் ஒரு முறை துடைத்துவிட்டால் போதும். குழாய்க்குள் போகவிருந்த கொழுப்பில் பெரும்பகுதி தாளோடு போய்விடும். தொட்டியின் வாயில் ஒரு சல்லடை, குளியலறைக் குழியில் ஒரு சல்லடை. இரண்டும் சேர்த்துச் சில வெள்ளிதான் செலவு.

திருமண விருந்து, கோயில் அன்னதானம், சமூக மன்றப் பொங்கல் என்று நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும் இடங்களில் ஏற்பாட்டாளர்களுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. பந்திக்கு எத்தனை வாழையிலை வேண்டும் என்று எண்ணும்போதே, மிஞ்சிய எண்ணெயும் சாம்பாரும் எங்கே போகும் என்பதையும் முடிவு செய்துவிட வேண்டும். சாலையோரக் கால்வாயில் ஊற்றுவது தவறு. அது நீர்த்தேக்கத்துக்குப் போகும் பாதை.

இந்தக் கழிவுநீருக்கு வீணாகும் தலையெழுத்து இல்லை. 2003ஆம் ஆண்டிலிருந்து சிங்கப்பூர் அதை மீண்டும் சுத்திகரித்துப் புதுநீராக மாற்றித் தொழிற்சாலைகளுக்கு வழங்குகிறது. வறண்ட காலங்களில் அது நீர்த்தேக்கங்களிலும் கலக்கப்படுகிறது. ஆற்றுவளம் இல்லாத இந்தத் தீவில் ஒரே தண்ணீர் பல முறை சுற்றி வருகிறது. தொட்டியில் ஊற்றப்படும் ஒவ்வொரு கரண்டி எண்ணெயும் அந்தச் சுற்றில் எங்கோ ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அதை அகற்ற, நள்ளிரவில் யாரோ ஒருவர் சாலை நடுவே இரும்பு மூடியைத் தூக்கிக்கொண்டிருப்பார். அவருடைய வேலையைக் கொஞ்சமாவது குறைப்பதற்கு ஒரு பழைய போத்தலும் ஒரு செய்தித்தாளும் போதும்.